நிக்கோட்டின் தரும் நிம்மதி
மன அழுத்தம் மிகும்போது சிகரெட் பற்றவைத்தால் நிம்மதி கிடைப்பதாகப் புகைப்பவர் உணர்வது பொய்யன்று. எனினும், உடலில் சேர்ந்த நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால் எழும் தவிப்பே, அதாவது மருத்துவம் விலகல் அறிகுறி என்று குறிப்பிடும் நிலையே, அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. கைவிட்ட முதல் சில நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தை எட்டி, 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன. பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைக்கக் கனன்று தொங்கும் கயிற்றைக் கண்டதும் கிளம்பும் வேட்கையோ சில நிமிடங்களே நீடிப்பது. அப்போது மூச்சை மெல்ல இழுத்துவிடுவதும், தண்ணீர் அருந்துவதும், அவ்விடம்விட்டு நடந்துவிடுவதும் உண்மையாகவே உதவும். புகையை விட்டவர்களிடம் பதற்றமும் மன அழுத்தமும் குறைவதையே 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. தனியே போராட வேண்டாம். 1800 11 2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.