பழியும் பொறுப்பும்: நோய்க்காவியின் அறநிலை

ஒருவனுக்குக் காய்ச்சல் இல்லை. தொண்டையில் நோவும் இல்லை. ஆயினும் தொண்டைக்கரப்பன் எனப்படும் டிப்தீரியாவின் கிருமி அவனுடைய தொண்டையிலே வாழ்கின்றது. அவன் இருமும்போதும் தும்மும்போதும் அது பிறரைச் சென்றடைகின்றது. இத்தகையோரை மருத்துவ நூலார் நோய்க்காவி என்பர். தன்னை அறியாமலே ஒரு குழந்தையின் இறப்புக்குக் காரணமாகக்கூடிய இம்மனிதன் குற்றவாளியா என்பது, மருத்துவத்தால் மட்டும் விடைகாண முடியாத வினாவாகும்.

இவ்வினாவின் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1884 இல் ஜேர்மனிய அறிஞர் பிரீட்றிக் லொஃப்லர் இக்கிருமியைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். ஆயின், நோயற்ற குழந்தையொன்றின் தொண்டையிலும் அதனைக் கண்டமையால், நோய்க்குக் காரணம் அதுவே என அறுதியிட்டுக் கூறத் தயங்கினார். நோயின்றியும் கிருமி இருத்தல் கூடும் என்னும் உண்மை பின்னரே தெளிவாயிற்று.

மனத்தின் தூய்மையே அறம் என்பது வள்ளுவர் கொள்கை. அந்நோக்கிற் பார்க்குமிடத்து, அறியாது கிருமியைக் காவுபவனிடம் பழி இல்லை. ஆயின் மனுநீதிச் சோழன் கதை வேறொன்றையும் உணர்த்துகின்றது. தேர்க்காலில் அகப்பட்ட கன்றைக் கொல்ல இளவரசன் எண்ணவில்லை. எனினும், அவன் எண்ணாமையால் பசுவின் துயர் குறைந்துவிடவும் இல்லை. பழி என்பது செய்தவனின் மனத்தைக் கொண்டு அளக்கப்படுவது. பொறுப்போ துயருற்றோரை நோக்கி எழுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே மயக்கம் பிறக்கின்றது.

அறிவு வந்தபின் நிலைமை மாறுகின்றது. தன்னிடம் கிருமி உண்டென அறிந்தவன் பெனிசிலின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகளால் அதனை அகற்றிக்கொள்ளலாம். அது நீங்கியமை பரிசோதனையில் உறுதியாகும்வரை பிறரை நெருங்காதிருக்கலாம். அறிந்தும் இவற்றை மறுப்பானாயின், அறியாமை அவனுக்கு அளித்த காப்பு அன்றோடு நீங்குகின்றது.

எனினும் கடமை காவிக்கு மட்டும் உரியதன்று. நியூயோர்க்கில் நெருப்புக்காய்ச்சற் கிருமியைக் காவிய சமையற்காரி மேரி மலன் 1907 இல் தனிமைப்படுத்தப்பட்டார். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910 இல் விடுவிக்கப்பட்ட அவர், மாற்றுப்பெயரில் மீண்டும் சமையலுக்குச் சென்று 1915 இல் பிடிபட்டார். 1938 இல் இறக்கும்வரை தீவொன்றிலே வைக்கப்பட்டிருந்தார். வாக்கை மீறியது அவர் பிழையே. ஆயின் சமையலுக்கு மாற்றாக அவருக்குக் கிடைத்த சலவைத் தொழிலின் கூலி குறைவானது. இனங்காணப்பட்ட வேறு காவிகள் பலர் அவரைப்போல் ஆயுள் முழுதும் அடைக்கப்படவும் இல்லை. பிறர் நலத்துக்காக ஒருவனுடைய பிழைப்பைக் கைவிடுமாறு கேட்கும் சமுதாயம், அவனுடைய உணவுக்கும் மானத்துக்கும் தான் பொறுப்பேற்க வேண்டும். அதனைச் செய்யாத சமுதாயம் காவியைப் பழிக்கும் உரிமையிற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. தொண்டைக்கரப்பன் தடுப்பூசி கிருமி சுரக்கும் நச்சினை எதிர்ப்பது. கிருமி தொண்டையிற் தங்குவதை அது முற்றாகத் தடுப்பதில்லை. ஆகவே, ஊசியினாற் காக்கப்பட்டவனும் காவியாகலாம். தான் நலமாயிருந்து, ஊசி பெறாத அயற்குழந்தைக்கு நோயை அளிக்கலாம். சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த நாடுகளில் 1990களில் 150,000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். தடுப்பூசித் திட்டம் தளர்ந்தமை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

எனவே, காவி என்போன் வேறோர் இனத்தவன் அல்லன். நலமாயிருக்கும் எவனும் அந்நிலையை அடையலாம். அயலான் குழந்தைக்கும் தடுப்பூசி கிடைத்ததா என வினாவுதல் இரக்கத்தின் செயல் மட்டுமன்று. தன் மூச்சும் பிறருக்குத் தீங்காகக்கூடும் என உணர்ந்தவனின் கடமையும் ஆகும். குற்றமற்றவன் என்பதனாலேயே ஒருவன் பொறுப்பற்றவன் ஆகிவிடான்.