நடுவில் ஒரு கரை

தவளைக்கென்று கண்ணாடித் தொட்டி அமைக்கும்போது செடி வைப்பதும் விளக்கு பொருத்துவதும் பெரிய வேலையே இல்லை. மண்ணையும் தண்ணீரையும் பிரிக்கிற நடுத்தடுப்புதான் ஆளைச் சோதிக்கும். கண்ணாடியைப் பட்டையாக வெட்டிக் குறுக்கே நிறுத்தி, சிலிகான் வைத்து ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். (குளியலறைக்கென்று விற்கிற, பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து கலந்த சிலிகான் ஆகவே ஆகாது. தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது. நஞ்சு நேரே உடம்புக்குள் போய்விடும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் அப்படித்தான்.)

செங்குத்தான கண்ணாடி தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். ஆனால் தவளைக்குட்டியைக் கரையேற விடாது. தலைப்பிரட்டைக்கு முன்னங்கால் வெளிவருகிற அந்தச் சில நாட்களை உற்றுப் பார்க்க வேண்டும். செவுள் சுருங்கிக்கொண்டே போகும். நுரையீரல் வேலைக்கு வரும். வாய் புது வடிவத்துக்கு மாறிக்கொண்டிருப்பதால் இரை தின்ன முடியாது. வால்தான் கரைந்து கரைந்து உடம்பைக் காப்பாற்றும். பழையபடி நீந்தவும் முடியாமல், இன்னும் குதிக்கவும் வராமல் தத்தளிக்கும் அந்த உயிருக்கு வேண்டியதெல்லாம், பாதி உடம்பு நனைந்தபடி மூக்கை வெளியே நீட்டி உட்கார ஓர் இடம். அது கிடைக்காவிட்டால், தண்ணீரில் பிறந்தது தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். அதற்காகத்தான் தெரிந்தவர்கள் தடுப்பின் நீர்ப்பக்கத்தில் கூழாங்கல்லைச் சரிவாக அடுக்குகிறார்கள்.

நம் ஊரில் ஏரி வெட்டியவர்கள் இந்தச் சரிவை அறிந்திருந்தார்கள். தண்ணீர் தேங்க வேண்டிய பக்கத்தில்தான் பிறை போல வளைந்த கரை. மேட்டுப்பக்கம் திறந்தே கிடக்கும். அங்கே ஆழம் முழங்காலாகி, கணுக்காலாகி, சேறாகி, ஈரப்புல்லாகி முடியும். ஐப்பசி மழையில் அந்த விளிம்பு மேட்டுப்பக்கம் நகரும், சித்திரையில் பின்வாங்கும். தவளை முட்டையிடுவதும் நாரை இரை தேடுவதும் அந்த நகரும் பட்டையில்தான்.

சென்னையில் இன்று தி. நகர் இருக்கும் இடத்திலும் ஓர் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் அதைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு பெயரளவில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெருகும் ஊருக்கு வீடு வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தண்ணீர் ஏறி இறங்க ஒரு விளிம்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. பெருமழையில் மாம்பலத் தெருக்களில் நிற்கும் தண்ணீர் தன் பழைய விளிம்பைத்தான் தேடி வருகிறது.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் படிகளைப் பார்த்தால் மனது கொஞ்சம் ஆறும். கல்லால் கட்டியதுதான். ஆனாலும் நீர்மட்டம் ஏற ஏற ஒவ்வொரு படியும் தன் முறைக்குக் கரையாகிறது. கட்டியவர்கள் கரையை ஒரே இடத்தில் ஆணியடித்து வைக்கவில்லை. மண்ணையும் நீரையும் பிரிக்க ஒரு கோடு போதும் என்று நினைக்கிறோம். அந்த நடுப்பகுதியே தனியாக ஒரு நிலம். ஓர் உயிர் இன்னோர் உயிராக மாறுவதற்கு உலகத்தில் இருக்கிற இடமே அதுதான். அதைச் சுவராக்கினால், இரண்டு பக்கமும் இருந்தும் கடக்க வழியில்லாமல் போகிறது.

போன விளிம்பை மீட்கவும் முடியும். அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, ஓடையைத் தோண்டி, அலையாத்தி நட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள்.

வீட்டில் தவளையைப் பிடித்து அடைக்கவே வேண்டாம். வாசலில் ஒரு தாமரைத் தொட்டி இருந்தால் மழைக்கு அதுவே வரும். மரத்தவளை தண்ணீருக்கு மேலே சுவரில் நுரைக்கூடு கட்டும். முட்டையிலிருந்து வெளிவந்த தலைப்பிரட்டைகள் கீழே தொட்டிக்குள் சொட்டும். மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டும் தட்டு இருப்பதால் அது சுவரேறிப் போய்விடும். தேரைக்கு அந்தத் தட்டு கிடையாது. அதற்காக, சொரசொரப்பான செங்கல் இரண்டைத் தொட்டிக்குள் சாய்த்து வையுங்கள். மேல் முனை தொட்டியின் விளிம்பைத் தொட வேண்டும், கீழ் முனை எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கோடையில் மட்டம் இறங்கினால் கீழே இன்னொரு செங்கல்லையும் சேர்த்து வைக்க வேண்டும்.