அம்மாவின் பட்டும் அகிம்சையும்

ஆரணியை அடுத்த திருமலை, குந்தவை ஜினாலயமும் சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையும் உள்ள சமணத் தலம். சுற்றுவட்டாரமோ பட்டுத் தறிக்குப் பேர்போனது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் உள்ளிருக்கும் புழுவோடு வேக வேண்டும். அப்படியானால் அகிம்சையைப் போற்றும் சமண வீட்டில் தாயின் கல்யாணப் பட்டை மகள் உடுத்தலாமா?

தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் என்று சமணம் வினையை மூன்றாகப் பார்க்கிறது. மகளைப் பொறுத்தவரை பழம்பட்டு முதல் இரண்டில் சேராது. அதற்காகப் புதிதாக ஒரு புழுவும் சாவதில்லை. சிக்கல் மூன்றாவதில்தான்; உடுத்துவதே உடன்படுவதாகத் தோன்றலாம். விசேஷ வீட்டில் அதைப் பார்த்து மெச்சியவர் மறுநாளே பட்டுக்கடைக்குப் போகலாம். இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது.

அடுத்த கேள்வி உடைமை பற்றியது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் உடைமையைப் பொருளில் அல்ல, பற்றில் காண்கிறது. பீரோவில் பூட்டிவைத்தால் பற்று குறையாது. பட்டுதான் மடிப்போரம் இற்றுப்போகும். பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றினால் இழை தாங்கும். தாங்காத புடவையின் ஜரிகைக் கரையை வெட்டிப் பருத்திப் புடவையில் வைத்துத் தைப்பார்கள்; பேத்திக்குப் பாவாடையாக்குவார்கள். ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக உருக்கக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. இல்லறத்தாருக்கான சிறு நோன்பாகிய அணுவிரதம் உடைமைக்கு ஓர் அளவைத்தான் கேட்கிறது. ஆடையையே துறப்பது திகம்பர முனிவருக்கு உரியது.