பெரிய டயரும் நாகசேனரின் தேரும்

2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டிக்கு 255/65 ஆர்18 அளவில் டயர் உண்டு. விட்டம் ஏறக்குறைய 31 அங்குலம். காடு, மேடு, ஆற்றுப்படுகை என்று வண்டி ஓட்ட விரும்புகிறவர்களில் பலருக்கு அது போதவில்லை. 33 அங்குல டயர் போடத் துடிக்கிறார்கள். அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் பாடிதான் மேலே போகும். பின் ஆக்சிலின் நடுவில் புடைத்து நிற்கும் டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே தொங்கும். பாறையில் போய் இடிப்பதும் அதுதான். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் ஆக்சில் 1 அங்குலம் உயரும்.

ஆனால் அந்த 1 அங்குலம் தனியாக வராது.

புது டயரை மாட்டி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றிப் பார்த்தால் விஷயம் புரியும். டயரின் தோள் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கை உரசும். பம்பரின் கீழ்முனையில் தட்டும். உரசிய இடம் தேய்ந்து பளபளக்கும். அங்கே வெட்ட வேண்டும். சக்கரம் மேலேறி முட்டாதிருக்க பம்ப் ஸ்டாப்பை உயரமாக்க வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வீல் அலைன்மென்ட் மாறும். பெரிய டயர் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போவதால், முள் 80-ஐக் காட்டும்போது வண்டி 85-இல் ஓடும். இழுவை குறைவதால் கிரவுன் பினியனை மாற்றச் சொல்வார் மெக்கானிக். பிரேக்குக்கும் சுமை கூடும்.

இத்தனையும் மாறிய பிறகு நிற்பது அதே வண்டிதானா?

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரிடம், கிட்டத்தட்ட இதையே கேட்டார் நாகசேனர் என்ற பிக்கு. பாலி நூலான ‘மிலிந்த பஞ்ஹா’ அந்த உரையாடலைச் சொல்கிறது. அரசன் தேரில் வந்தவன். அந்தத் தேரில் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார் பிக்கு. எதுவும் இல்லை என்கிறான் அரசன். இவற்றுக்கு வெளியே தேர் உண்டா? அதுவும் இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது ‘தேர்’ என்ற பெயர் வழங்குகிறது, அவ்வளவே. மனிதனும் அப்படித்தான் என்பது நாகசேனரின் முடிவு: உள்ளே மாறாத ஆன்மா என்று ஒன்று இல்லை.

இதைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. நிலையான சாரமே இல்லாத பொருளில் எதை வெட்டினால் என்ன என்று தோன்றும். பௌத்தம் சொல்வது நேர்மாறானது. ஒவ்வொன்றும் பிறவற்றைச் சார்ந்தே இருக்கிறதென்றால், ஒன்றைத் தொட்டவர் மற்றவற்றுக்கும் பொறுப்பாகிறார். மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு நிதானங்களும் இந்தச் சார்பைத்தான் பேசுகின்றன: ஒன்று தோன்ற மற்றொன்று தோன்றும், ஒன்று அற மற்றொன்று அறும். மட்கார்டை மட்டும் அறுத்துவிட்டு பிரேக்கையும் ஸ்பீடோமீட்டரையும் அப்படியே விடுகிறவர் அந்தச் சார்பைக் காண மறுக்கிறார்.

இந்தியச் சட்டத்தின் பார்வை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. தொழிற்சாலையில் பிறந்தபோது எப்படி இருந்ததோ, அதுவே வண்டியின் அடையாளம் என்கிறது சட்டம்.

ஐஸ்லாந்தில் வழி வேறு. அங்கே 38 அங்குல டயர் போட்ட ஜீப்புகள் சாதாரணக் காட்சி; காற்றை வெகுவாக இறக்கிவிட்டுப் பனிமேல் அமிழாமல் ஓட்டுகிறார்கள். மாற்றிய வண்டி தனிப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். அந்நாட்டின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் இப்படித் தயார்செய்த டொயோட்டா ஹைலக்ஸில்தான் 2007-இல் பிபிசியின் ‘டாப் கியர்’ குழு, 1996-இல் காந்த வடதுருவம் இருந்த இடத்தை எட்டியது. மட்கார்டிலிருந்து கியர் வரை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே அவர்கள் பாணி.

நாகசேனரின் கேள்வியை ஏற்றுக்கொண்டால், சார்பு வண்டியோடு முடியவில்லை என்பதும் தெரியும். உயர்த்திய தார், சிறிய கார் ஒன்றின்மேல் மோதினால், பம்பரோடு பம்பர் படாமல் பானட்டின்மேல் ஏறிவிடக்கூடும். பானட் உயர்ந்தால் முன்னால் குறுக்கிடும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தப்பும். அதே 52-ஆம் பிரிவு எரிவாயு கிட் பொருத்த அனுமதி தந்து, ஆர்.சி.யிலும் பதியச் சொல்கிறது. பெரிய டயருக்கும் அப்படியொரு வாசல் திறக்கலாம். பிரேக் பிடிக்கும் தூரம், முள்ளின் கணக்கு, பம்பரின் உயரம் ஆகிய மூன்றையும் ஆர்.டி.ஓ. சோதித்துப் பதிந்தால், மாற்றியவரின் பொறுப்பு ஏட்டில் ஏறும். எதிரே வருகிறவரின் உயிரும் அந்தக் கணக்கில் சேரும்.