வானதூதரின் முகம்



இன்று அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் திருநாள். வானதூதர்கள் உடலற்றவர்கள் என்பது திருச்சபையின் போதனை. அப்படியானால் ஓவியர் அவர்களை எப்படி வரைவார்? நம் செப வாழ்விலும் இதே கேள்விதான் எழுகிறது. கண்ணால் காணாத கடவுளை எந்த வழியில் நெருங்குவது?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், 1472-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லியோனார்டோ டா வின்சி மங்கள வார்த்தைக் காட்சியை வரைந்தார். அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். அந்நகரின் உஃபிஸி கலைக்கூடத்தில் இன்றும் அதைக் காணலாம். கபிரியேல் தூதர் பூக்கள் நிறைந்த புல்தரையில் முழந்தாளிட்டு, கையில் லீலி மலரோடு அன்னை மரியாவை வாழ்த்துகிறார். அந்தத் தூதருடைய சட்டைக் கையின் மடிப்புகளுக்கென்றே லியோனார்டோ தனியாக ஒரு படம் வரைந்து பார்த்திருக்கிறார். ஆக்ஸ்போர்டில், கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் அது இருக்கிறது. களிமண்ணில் உருவம் செய்து, சேற்றில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்தி, மடிப்புகளைப் பொறுமையாகப் பார்த்து அவர் வரைந்து பழகியதை, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி குறித்துவைத்திருக்கிறார். விண்ணகத் தூதருக்கு உடை உடுத்த, மண்ணைக் குழைத்த கை அது!

சிறகுகளைக் கவனியுங்கள். பறவையின் இறக்கையைப் பார்த்து அவற்றை அளவாகத்தான் வரைந்தார். பிற்காலத்தில் வேறொருவர் அவற்றை நீட்டி வரைந்துவிட்டார். தூதருக்கு இந்தச் சிறகு போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். பக்தியில் நமக்கும் இந்தச் சோதனை வருகிறது. கடவுள் தந்ததைப் பார்த்து நிறைவடையாமல், அதைப் பெரிதாக்கிக் காட்ட ஆசைப்படுகிறோம். லியோனார்டோ பறவைகளை நேசித்தவர். விற்பனைக்கு வைத்த கூண்டுப் பறவைகளைக் கேட்ட விலைக்கு வாங்கி, திறந்து பறக்கவிடுவாராம். இதையும் வசாரிதான் சொல்கிறார். 1505-ஐ ஒட்டி, பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றியே ஒரு சிறு சுவடி எழுதினார். அது டுரின் நகரின் அரச நூலகத்தில் இருக்கிறது.

அதே நூலகத்தில் ஓர் இளம்பெண்ணின் முகமும் இருக்கிறது. 1483 ஏப்ரல் 25 அன்று மிலான் நகரில், அமல உற்பவ அன்னையின் பக்தசபையார் தங்கள் பீடத்துக்காக ஓவியம் வரைய லியோனார்டோவோடு ஒப்பந்தம் செய்தார்கள். அதற்காக அவர் வரைந்ததே ‘பாறைகளின் அன்னை’. அதில் வரும் வானதூதரின் முகத்துக்கு இந்தப் பெண்ணின் முகம்தான் ஆதாரம். பூச்சுப் பூசிய தாளில் வெள்ளி முனையால் வரைந்த படம். வெள்ளிக் கோட்டை எளிதில் அழிக்க முடியாது. போட்ட கோடு போட்டதுதான். ஆகவே கண் நன்றாகப் பார்த்து முடித்த பிறகே கை அசைய வேண்டும். அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். தலைமுடியும் தோளும் சில கோடுகளோடு நின்றுவிடுகின்றன. இமையிலும் உதட்டோரத்திலும்தான் ஓவியரின் கவனமெல்லாம் தங்கியிருக்கிறது.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் அந்த முகம் வானதூதராகிவிடுகிறது. சிறகுகளோ இருளில் ஏறக்குறைய மறைந்துபோயிருக்கின்றன. பிறகு தூதர் என்று எதைக் கொண்டு அறிகிறோம்? அவர் ஒரு கையால் குழந்தை இயேசுவைத் தாங்குகிறார். கண்கள் நம் பக்கம் திரும்பியிருக்க, மறு கையின் விரல் குழந்தை யோவானைச் சுட்டுகிறது. அந்த யோவானோ இயேசுவை வணங்கிக்கொண்டிருக்கிறார். தூதர் நம்மைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளவில்லை, ஆண்டவரிடம் அனுப்பிவைக்கிறார். இதுதான் தூதரின் பணி. இதை எந்த மாதிரியும் உட்கார்ந்து காட்ட முடியாது. இங்கே ஓவியரின் கற்பனை வேலை செய்தது. ஆனால் அந்த முகத்தை அத்தனை உண்மையாகப் பார்த்திராவிட்டால், அந்தக் கற்பனைக்குக் கால் ஊன்ற இடம் இருந்திருக்காது.

திருவிவிலியமும் இதையே காட்டுகிறது. மம்ரேயில், பகல் வெயிலில், ஆபிரகாம் கண்டது மூன்று மனிதர்களை. ஓடிப்போய் வரவேற்றார், கால் கழுவத் தண்ணீர் தந்தார், விருந்து படைத்தார். தோபியாவுக்கு இரபேல் வழித்துணையாக வந்த ஓர் இளைஞர்தான். பயணம் முடிந்து வீடு திரும்பிய பிறகே தாம் யார் என்று சொன்னார். தூதர் என்று தெரிந்தபின் காட்டிய அன்பு அல்ல அது. மனிதர் என்று கண்டபோதே காட்டிய அன்பு.

பிரியமானவர்களே, நம் வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரின் முகத்தை நாம் எப்போது நிதானமாகப் பார்த்தோம்? பள்ளி விட்டு வரும் பிள்ளையின் முகத்தை? வாசலில் வந்து உதவி கேட்டவரை? அவசரமாகப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக் கடவுளைத் தேடுகிறோம்.

இந்த வாரம் முழுவதும் ஒன்று செய்யுங்கள். இரவு செபத்துக்கு முன், அன்று சந்தித்த ஒரே ஒரு முகத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கண்ணில் என்ன களைப்பு, அந்தக் குரலில் என்ன ஏக்கம் என்று எண்ணிப் பாருங்கள். நினைவு வரவில்லையென்றால், நாளை அவரை நன்றாகப் பாருங்கள். பிறகு அவருக்காக மன்றாடுங்கள்.

ஆண்டவரே, உம் தூதர்களை எங்களிடம் அனுப்புகிறவரே, எங்களுக்கு முன்னால் நிற்கும் மனிதரை முழுமையாகப் பார்க்கும் கண்களைத் தாரும். அந்தப் பார்வையே எங்களை உம்மிடம் அழைத்துவரட்டும். ஆமென்.