வீதி வலமும் உடல் நலமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தையே சிறப்புடைய திருக்கோயில் எனச் சைவப் பெருமக்கள் போற்றி வந்துள்ளனர். இவற்றோடு தலவிருட்சமும் சேரும். தில்லை மரக்காடு சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரையே ஈந்தது. திருவானைக்காவில் வெண்ணாவல், காஞ்சியில் மா, மதுரையில் கடம்பு. ஈழத்தில் தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் பூவரச மரத்தடியில் கோயில் கொண்டான். கொழும்புத்துறையில் யோகர் சுவாமிகள் பல காலம் அமர்ந்திருந்தது இலுப்பை மரத்தடியிலேயாம். பல தலங்களில் கோயிலுக்காக மரம் நடப்படவில்லை; மரம் நின்ற இடத்திலேதான் கோயில் எழுந்தது.

உடம்பைப் பகையாகக் கருதாது, இறைவன் எழுந்தருளும் இடமாகப் பேண வேண்டும் என்பது திருமூல நாயனார் காட்டிய நெறி. அந்நெறி கோயில் வழிபாட்டு முறையிலேயே அமைந்திருந்தது. முன்னாளில் கோயிலுக்குப் போவதென்றால் விடியலில் எழுந்து கிணற்றில் முழுகி, வயல் வரம்பால் நடந்து, வழியில் பூக்கொய்து, கேணியில் கால் கழுவி, வீதி வலம் வந்து, பூசை முடிந்ததும் மருத மர நிழலில் சற்று இருந்து எழும்புவதாகும். இன்று மோட்டார் சைக்கிள் கோபுர வாசல் வரை வருகிறது. கற்பூரம் காட்டி முடிவதற்குள் கைத்தொலைபேசி இரண்டு முறை அடிக்கிறது. திருநீறு வாங்கியவர் பத்து நிமிடத்தில் வீடு திரும்பிவிடுகிறார். அந்த ஒரு மணி நேரத்தை ஊரவர் இழந்த காலத்திலேயே நீரிழிவும் குருதி அமுக்கமும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. இதற்கு உணவும் மனக்கவலையும் எனக் காரணங்கள் வேறும் உண்டு. ஆயினும் நடை குறைந்ததும் ஒரு காரணம் என்பதை எந்த வைத்தியரும் மறுக்கமாட்டார்.

பிள்ளையாருக்கு ஒருமுறை, சிவபெருமானுக்கு மூன்று முறை, அம்பாளுக்கு நான்கு முறை வலம் வருதல் மரபு. அவசரமின்றி, கைவீசாது, திருநாமம் சொல்லி அடிமேல் அடிவைத்து வருவதே முறையான வலம். இந்த மென்னடை ஒன்றே உடற்பயிற்சிக்குப் போதும் என்று சொல்வது மிகை. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. வீட்டிலிருந்து கோயிலுக்கு விரைந்து நடந்து வந்து திரும்பும் நடை அக்கணக்கில் சேரும். வீதி வலம் தருவது வேறொன்று. மரநிழலும் காற்றும் பறவை ஒலியும் சூழ, மனம் ஒரு பொருளில் நின்று இளைப்பாறுகிறது.

இவ்விளைப்பாறுதலைப் பிற நாட்டாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை றொஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டு 1984 இல் வெளியிட்டார். யன்னல் வழியே மரங்களைப் பார்க்கக் கூடியதாய் இருந்தவர்கள், செங்கற்சுவரையே பார்த்துக் கிடந்தவர்களிலும் பார்க்க விரைவில் வீடு சென்றனர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் பெற்ற தகவலைக் கொண்டு 2019 இல் வெளிவந்த ஆய்வில், வாரத்தில் 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழித்தவர்கள் தாம் நலமாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னமை தெரியவந்தது. நலமுள்ளவர்களே வெளியில் அதிகம் செல்வார்கள் என்ற ஐயமும் இதில் உண்டு. ஆகவே இதை முடிந்த முடிபாகக் கொள்ளாது நல்லதொரு குறிப்பாகக் கொள்வதே அறிவுடைமை. யப்பானில் 1982 முதல் ‘வனக் குளியல்’ என்று பெயரிட்டு மக்களைக் காட்டில் அமைதியாக உலவ அரசே ஊக்கப்படுத்தியது. அந்நாட்டின் சின்தோ ஆலயங்கள் பலவும் தம்மைச் சூழ்ந்த சோலையைப் புனிதமாகக் காத்து வருகின்றன.

ஈழத்துச் சைவருக்கோ வனக் குளியல் புதிதன்று. சந்நிதியில் வேல் எடுத்துக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் புறப்படும் அடியார்கள் வாரக்கணக்காக நடக்கின்றனர். உகந்தை முருகனைத் தரிசித்தபின் குமண, யால காடுகளூடே நாட்கணக்கில் நடை. ஆற்றங்கரையில் சமையல், மரத்தடியில் உறக்கம், இருளும்போது உறங்கி விடியுமுன் எழும்புதல். வீட்டில் மூட்டுவலி என்று முனகும் முதியவர்களும் அதில் நடக்கிறார்கள். முருகன் அருள் என்று அவர்கள் சொல்வது சரியே. அந்த அருள் நடையாலும் காற்றாலும் கூட்டுறவாலும் அவர்களை வந்து அடைகிறது. கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லியின் ஐதிகம் மாவிட்டபுரத்தில் இன்றும் சொல்லப்படுவதையும் இங்கு நினைக்கலாம்.

இதற்காக மருந்தைக் கைவிட்டு மரத்தடிக்குப் போகச் சொல்வது அறியாமையாகும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நண்பகற் சூட்டில் வெறுங்காலோடு வீதி வலம் வரலாகாது. சுட்டது தெரியாமலே புண் வந்துவிடும். அவர்களுக்குக் காலைப் பூசையே உகந்தது.

கவலை தருவது வேறொன்று. பல ஊர்களில் வெளிநாட்டு உறவுகளின் பணம் வந்ததும் முதலில் விழுவது வேம்பும் மருதும். மண்டபம் எழுகிறது, மணல் வீதிக்குச் சீமெந்துக் கல் பதிக்கப்படுகிறது. நல்லூரில் திருவிழாக் காலத்தில் வீதிகளுக்கு வண்டி வண்டியாக மணல் பரவுகிறார்கள். ஆண்கள் பிரதட்டை செய்வதற்கும் பெண்கள் அடியழிப்பதற்கும் மணலே வேண்டும். வெயிலிற் காய்ந்த சீமெந்துக் கல்லில் எவர் உருள்வார்? மழைநீர் நிலத்துள் இறங்கும் வழியும் அடைபடுகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் கிணற்று நன்னீர் மழையால் ஊறுவது. ஊறாவிட்டால் உவர் ஏறும். கேணியைத் தூர்ப்பதும் அத்தகையதே. தூர்வாராது பாசி பிடிக்க விட்டாலோ நுளம்பு பெருகும். டெங்கு வந்தபின் கேணியைக் குற்றம் சொல்வார்கள்.

மண்டபம் வேண்டாம் என்பதல்ல. பரிபாலன சபையார் வரைபடம் கீறும்போது மரம் நிற்கும் இடத்தையும் அதில் கீறினால், மண்டபத்தைப் பத்தடி தள்ளிக் கட்டலாம். திருவிழா உபயம் போல நந்தவன உபயமும் வைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமை, தண்ணீர் ஊற்றுவதும் சருகு கூட்டுவதும் அவர்கள் பொறுப்பு. பிள்ளைகளை அழைத்து வந்தால் அறநெறி வகுப்பை நொச்சி நிழலிலேயே வைத்துக்கொள்ளலாம். கோபுர இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்கத்தான் வேண்டும், வேர் கல்லைப் பிளக்கும். பிடுங்கிய கன்றை எறியாமல், மாரி தொடங்கும் ஐப்பசியில் தேர்முட்டிக்கு அப்பால், மதிலுக்கு எட்டத்தில் ஊன்றி, ஆடு மாடு கடிக்காமல் கிடுகு வேலி கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.