சொல்லாமல் அனுப்புவது

2018 டிசம்பர் 18ஆம் திகதி வெலிங்டனில் இலங்கையின் ஏஞ்சலோ மெத்யூஸ் சதமடித்தபோது, கொழும்பு வடக்கின் மட்டக்குளியில் ஒரு தேத்தண்ணிக் கடையின் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். நியூசிலாந்தில் அது பிற்பகல். இங்கே 155ஆம் இலக்க பஸ்ஸுக்கு ஓடியவர்களெல்லாம் ஓடி முடிந்து, போக இடமில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் மட்டும் எஞ்சியிருந்த காலை நேரம். சதம் பூர்த்தியானதும் அவர் ஆடுகளத்திலேயே கைகளை ஊன்றித் தண்டால் எடுக்கத் தொடங்கினார். கடையில் பாதிப்பேர் கைதட்டினார்கள். மற்றப் பாதி முகத்தைச் சுளித்தது. சில வினாடிகளுக்கு முன்வரை ஒரே அணியின் ரசிகர்களாக இருந்தவர்கள், பந்தொன்றும் வீசப்படாமலே இரண்டு கட்சிகளானார்கள். அன்று முழுக்க ஒரு விக்கெட்கூட விழாமல் அவரும் குசல் மெண்டிஸும் ஆடி ஒரு தோல்வியைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பேச்சில் எங்கோ பின்னுக்குப் போய்விட்டது.

அந்தத் தண்டாலின் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2017இல் தலைமையிலிருந்து தானாக விலகிய மெத்யூஸை 2018 ஜனவரியில் மறுபடி அழைத்து ஒருநாள் அணிக்குத் தலைவராக்கினார்கள். செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடம் 137 ஓட்டங்களாலும், இரண்டு நாள் கழித்து ஆப்கானிஸ்தானிடம் 91 ஓட்டங்களாலும் தோற்று அணி முதற்சுற்றோடு வீடு திரும்பியது, தலைமை பறிபோனது. தோல்வி முழுவதற்கும் தன்னைப் பலிக்கடா ஆக்குகிறார்கள் என்று ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்துக்கு அவர் எழுதிய கடிதம் வெளியே வந்தது. அடுத்து, இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் தொடரில் சாதாரண வீரராகக்கூட அவருக்கு இடம் இருக்கவில்லை. உடற்தகுதி போதாது, விக்கெட்டுகளுக்கிடையே ஓடும் வேகம் போதாது என்றார்கள். பயிற்றுநர் சந்திக ஹத்துருசிங்க ஒரு கணக்கும் சொன்னார்: மெத்யூஸ் சம்பந்தப்பட்ட ரன் அவுட்கள் 64, அவற்றில் 49இல் வெளியேறியது மறுமுனையில் நின்றவர்.

அந்தக் கணக்கை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பாதிவழி ஓடிவந்து திரும்பிப் பார்த்தபோது கூட்டாளி நகரவேயில்லை என்று கண்ட அந்த 49 பொழுதுகளிலும் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அவர்களில் எவரும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதவில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவரைத் தலைவராக்கிய ஜனவரியில் எங்கே இருந்தது என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. ஒருவர் வேண்டியவராக இருக்கும்வரை அவருடைய கோப்பு அலுமாரியில் தூங்கும். வேண்டாதவர் ஆன மறுநாள் அது மேசைக்கு வரும், பல ஆண்டுத் தூசி தட்டப்பட்டு, பக்க எண்களோடு.

கடையில் நடந்த வாக்குவாதத்தில் இரண்டு பேரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பனியில் 27 வருடம் வேலை செய்த பெரியவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் கையில் கடிதமொன்று கொடுக்கப்பட்டது. திங்கட்கிழமை வரவேண்டாம் என்பதை நான்கு பந்திகளில் நாகரிகமாகச் சொல்லிய கடிதம். மற்றவர் வாடகைக்கு ஓட்டோ ஓட்டும் இளைஞன். எந்த வேலையிலிருந்தும் நீக்கப்படாதவன், ஏனென்றால் எந்த வேலையிலும் யாரும் அவனைச் சேர்த்ததில்லை. கடிதம் வாங்கிய பெரியவர் வீரரின் பக்கம் நிற்பார், இளைஞன் ஏதோ பொதுவாகப் பேசுவான் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. கைதட்டியவன் இளைஞன். முகம் சுளித்தவர் பெரியவர்.

“அங்கிள், அவன் ஓட மாட்டான்னு சொன்னாங்க. இப்ப காட்டிட்டான்தானே?”

“என்னத்தக் காட்டினான்? ஓட்டத்தையா, கோபத்தையா? எனக்கு யாரு தம்பி வெளக்கம் சொன்னது? நான் வாய மூடிக்கிட்டு வரலியா?”

அந்தப் பதிலை நான் பல நாள் சுமந்து திரிந்தேன். அநியாயத்தை விழுங்கிச் செரித்துக்கொண்டவருக்கு, அதை விழுங்க மறுப்பவனைக் கண்டால் இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வருகிறது. தான் பேசாமலிருந்தது பெருந்தன்மை என்று இத்தனை வருடம் நம்பி வந்திருக்கிறார். இன்னொருவன் பேசி, அந்தப் பேச்சுக்குப் பிறகும் அணியில் நின்று சதமும் அடித்துவிட்டால், அந்த நம்பிக்கைக்கு என்ன ஆவது? இளைஞனின் கைதட்டலிலும் ஒரு சுலபம் இருந்தது. ஒரு இடத்தில் 27 வருடம் இருந்து பார்த்தவனுக்குத்தான் அங்கிருந்து சண்டையிட்டுக்கொண்டு வெளியேறுவதன் விலை தெரியும். ஆக, மெத்யூஸைப் பற்றி அன்று அங்கே அதிகம் பேசப்படவில்லை. எங்கேயும் கேட்க முடியாத கேள்விகளை, கேட்டால் யாருக்கும் நட்டமில்லாத ஓரிடத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டார்கள். விளையாட்டு ரசிகர்களின் சண்டைகளில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியவரின் கட்சிக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: அணியைவிட ஆள் பெரியவனில்லை. கேட்க நேர்மையான வாக்கியம், மறுக்கவும் கடினம். ஆனால் அந்த ‘அணி’ யார்? மைதானத்தில் நிற்கும் பதினொரு பேரா? அப்படியானால் அவர்களில் ஒருவரோடுதான் மெத்யூஸ் அன்று காலை முதல் நின்றுகொண்டிருந்தார். தெரிவாளர்களா, பயிற்றுநரா, நிறுவனத்தின் நிருவாகிகளா? 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அங்கீகாரமும் தேவை. 2017 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்படவிருந்த வீரர்கள் சிலர் அந்த அங்கீகாரம் இல்லாததால் கடைசி நேரத்தில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அணி என்று நாம் மரியாதையோடு உச்சரிப்பது, கிட்டப் போய்ப் பார்த்தால், மாறிக்கொண்டேயிருக்கும் சில கையொப்பங்கள். அந்தத் தண்டாலுக்கு இரண்டு நாள் முன்னர்தான், ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு பதவி நீக்கப்பட்டிருந்த இந்நாட்டின் பிரதமர் அதே பதவியில் மீண்டும் சத்தியப்பிரமாணம் செய்திருந்தார். அவருக்கு உடற்தகுதிச் சோதனை வைத்ததாகத் தெரியவில்லை.

விசுவாசம் என்ற சொல்லும் அந்தக் கடையில் பலமுறை அடிபட்டது. கொழும்பு வடக்கில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் இந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாகச் செலவழிப்பது எனக்கு எப்போதும் விந்தையாக இருக்கிறது. விசுவாசத்தைச் சோதிப்பவர்களின் எதிரில் நின்றவர்கள் நாம். 1983 கலவரத்துக்குப் பிறகு கதவுக்குப் பின்னால் ஒரு பையைக் கட்டி வைத்திருந்த வீடுகள் இந்தத் தோட்டங்களில் இருந்தன. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அதைப் பார்ப்பவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டபோது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. உயர் நீதிமன்றம் மறுநாள் தடுக்கும்வரை அது ஒரு நிருவாக ஏற்பாடாகவே நடந்தது. இந்தியாவுடன் இலங்கை ஆடும் நாளில் எந்தப் பக்கம் கைதட்டினோம் என்பதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் கவனித்த காலம் ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட சோதனையில் நின்றவர்கள், இன்னொருவரைச் சோதிக்கும் வாய்ப்புக் கிடைத்ததும், அதே கடுமையோடு அட்டையைக் கேட்கிறோம்.

முரளிதரனிடமும் கேட்டோம். 800 விக்கெட்டுகளோடு 2010இல் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வுபெற்றவர் 2016இல் அவுஸ்திரேலியாவின் சுழற்பந்து ஆலோசகராக இங்கே வந்தார். பயிற்சி ஆடுகளம் தொடர்பாகச் சச்சரவு எழுந்து, நிறுவனத்தின் தலைவர் முறைப்பாடு செய்யுமளவுக்குப் போனது. அவர் தன் அறிவை உள்நாட்டுக்குத் தராமல் எதிரணிக்கு விற்கிறார் என்று ஒரு பக்கம்; உள்நாட்டில் அவரை யார் ஒழுங்காகக் கேட்டார்கள் என்று மறுபக்கம். அந்த டெஸ்ட் தொடரை இலங்கை 3-0 என்று வென்றது, அணித்தலைவர் மெத்யூஸ். இரண்டு ஆண்டுகளில் அவருடைய முறை வந்தது. தந்தை தமிழர், தாய் பறங்கியர் என்ற அவருடைய பிறப்பு, இந்தக் கொழும்பு வடக்கில் யாரையும் வியக்கவைக்காத ஒன்று. ஆனால் சண்டை வந்த மாதங்களில் அதையும் சிலர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள். நம்மவன் என்பதால்தான் தள்ளினார்கள் என்று தமிழ் வாய்கள் சொல்லின. அப்படிச் சொன்னவர்களே, அவர் 2013 முதல் நான்கு ஆண்டுகள் டெஸ்ட் அணியை நடத்தியபோது அவரை நம்மவன் என்று பெரிதாகக் கொண்டாடியதில்லை. காயம்பட்ட பிறகுதான் ஒருவர் நமக்கு உறவாகிறார் போலும்.

தண்டால் எதையும் முடித்துவைக்கவில்லை. அடுத்த டெஸ்ட் கிறைஸ்ட்சேர்ச்சில், அதே டிசம்பரில். 22 ஓட்டங்களில் இருந்தபோது தொடைத்தசை பிடித்துக்கொள்ள, மெத்யூஸ் நொண்டிக்கொண்டு வெளியேறினார். இரு கட்சிக்கும் இப்போது கையில் அத்தாட்சி இருந்தது. அவருடைய உடல் ஒரே மாதத்தில் இரு தரப்புக்கும் சாட்சி சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு பயிற்றுநரின் முறை. உலகக் கிண்ணத்துக்குப் பின் ஹத்துருசிங்க இடைநிறுத்தப்பட்டார். நட்டஈடு கேட்டு அவரும் அதே நிறுவனத்தோடு வழக்காடும் நிலைக்கு வந்தார். 2021இல் ஒப்பந்தப் புள்ளி முறை வெளிப்படையாக இல்லை என்று மூத்த வீரர்கள் கையெழுத்திட மறுத்தபோது மெத்யூஸ் மறுபடியும் செய்தியில் இருந்தார். ஓய்வு பெறக்கூடும் என்ற பேச்சு வந்தது, பிறகு அடங்கியது. ஒருவரைப் பிழையாக அனுப்பிய கை, அனுப்பச் சொன்னவரையும் ஒருநாள் அதே விதமாகத்தான் அனுப்பும். அதற்கு வேறு விதம் பழக்கமில்லை.

2023 நவம்பர் 6ஆம் திகதி இந்தக் கதை டில்லியில் ஒரு விநோதமான முடிச்சுக்கு வந்தது. துடுப்பெடுத்தாட வந்த மெத்யூஸின் தலைக்கவச வார் அறுந்தது. மாற்றுக் கவசம் வருவதற்குள் நேரம் கடந்துவிட்டதென்று பங்களாதேஷ் தலைவர் ஷக்கிப் அல் ஹசன் முறையிட, ஒரு பந்தையும் சந்திக்காமல் அவர் வெளியேற்றப்பட்டார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர். பங்களாதேஷின் பயிற்றுநர் அன்று ஹத்துருசிங்க. விதிப்படி எல்லாம் சரி என்று அன்றிரவு பலர் விளக்கினார்கள். விதி சரியாக இருந்ததை மெத்யூஸின் ரசிகர்களும் பெரிதாக மறுக்கவில்லை. விதியில் எழுதப்படாத ஒன்று மீறப்பட்டதாகவே கோபப்பட்டார்கள். அதே நாள் கொழும்பில் விளையாட்டமைச்சர் கிரிக்கெட் நிருவாகத்தைக் கலைத்தார். மறுநாள் நீதிமன்றம் அதை மீட்டது. நவம்பர் 10இல் சர்வதேசச் சபை இலங்கையை இடைநிறுத்தியது. மாதம் முடிவதற்குள் அமைச்சரும் பதவியிழந்தார். அணியைவிட ஆள் பெரியவனில்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு, அந்த மாதத்தில் அணி எங்கே இருக்கிறது என்று காட்டுவது சிரமமாக இருந்திருக்கும்.

ஒருவரைத் தலைமையிலிருந்து இறக்குவது அநியாயமில்லை. தோற்ற அணி மாறத்தான் வேண்டும். உடல் ஒத்துழைக்காத வீரருக்கு இடமில்லை என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, நேற்றுவரை சொல்லாததை இன்று ஏன் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது. கேட்பவரும் தன் பங்கைச் சுமக்கலாம்: அந்த 49 பேரை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு மரியாதை நம் வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் அரிதாகிவிட்டதால்தான், அது மைதானத்தில் இல்லாமற்போவதை முதலில் நாம் கவனிப்பதில்லை. கவனிக்கும்போது மீதிக் கோபத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

2025 மே மாதம் மெத்யூஸ் தன் டெஸ்ட் ஓய்வைத் தானே அறிவித்தார். ஜூனில் பங்களாதேஷுக்கு எதிராகக் காலியில் கடைசி ஆட்டம். 2009 ஜூலையில் அவர் தொடங்கியதும் அதே காலியில்தான். எண்ணாயிரத்துக்கும் மேல் ஓட்டங்கள், 16 சதங்கள். பாராட்டுரைகள் நிறைய வந்தன. அவற்றைக் கேட்டால் அவருக்கும் இந்த நிறுவனத்துக்கும் ஒருநாளும் முகம் சுருங்கியதேயில்லை என்றுதான் எவரும் எண்ணுவார்கள். தேத்தண்ணிக் கடையிலும் இரு கட்சிகளும் தாங்கள் ஆரம்பம் முதலே அவருடைய ஆட்கள் என்று சொல்லிக்கொண்டன.

பெரியவர் இப்போது தடியூன்றி வருகிறார். தொலைக்காட்சியில் சக வீரர்கள் மெத்யூஸோடு கைகுலுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞன், அவனும் இப்போது அவ்வளவு இளைஞனில்லை, பழைய தண்டாலை நினைவூட்டிக் கேலி செய்தான். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“பரவால்ல. அவனே சொல்லிட்டுப் போறான்.”